வாசலை மறித்து நிற்கும் சைக்கிள்

கண்ணு,

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் வந்தபோது, என் தலைக்குப் பின்னால் வாசற்படியை மறித்து அப்பாவின் பேட்டரி சைக்கிள் நிற்பதைப் பார்த்துவிட்டாய். சுவரிலிருந்து ஒயர் போவதையும் சார்ஜரில் சிவப்பு லைட் எரிவதையும் பார்த்துவிட்டாய். "ஏனுங்கம்மா, எத்தன தடவைங்க சொல்றது, வெளிய போற வழியில நிறுத்திச் சார்ஜ் போடாதீங்கன்னு? பேட்டரி தீப்புடிச்சா ரெண்டு பேரும் எந்தப் பக்கம் ஓடுவீங்க?" என்று சத்தம் போட்டாய். கடைசியில், "அந்தச் சனியன வித்துப்போடுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். நான் ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. பேசத் தெரியாமல் இல்லை. உன் அம்மாவுக்கு வாய் இல்லை என்று இந்தக் கோயமுத்தூர் கணபதியில் ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். உன் அப்பா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அந்தச் சிவப்பு லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றி எப்படிப் பேசுவது? அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். உன்னைப் போலவே வெளிநாட்டில் இருந்துகொண்டு, ஊரில் இருக்கிற பெற்றவர்களுக்குப் போனில் உத்தரவு போடுகிற பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களும் வேண்டுமானால் படிக்கட்டும். இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் தெரியாமல் செய்யவில்லை. நீ வாங்கிக் கொடுத்த அன்று கடைக்காரர் உன்னை விட்டுவிட்டு என்னைத்தான் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னார். ஓட்டிவிட்டு வந்த சூட்டோடு சார்ஜ் போடக் கூடாது, கொஞ்சம் ஆறவிட வேண்டும். இதனுடைய சார்ஜரைத் தவிர வேறு எதையும் செருகக் கூடாது. போட்டுவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போய்விடக் கூடாது. நடைவழியில் வைத்துப் போடவே கூடாது, இந்த லித்தியம் பேட்டரி பிடித்தால் தண்ணீர் ஊற்றி அணைக்கிற தீ இல்லை, ஓட வழி வேண்டும். எல்லாம் சொன்னார், எல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. நெதர்லாந்தில் நீயும் இதே மாதிரி சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறாய். உன்னுடையதில் சாவி போட்டுப் பேட்டரியைத் தனியாகக் கழற்றி மாடிக்கு எடுத்துப் போய்விடலாம். அப்பாவுடையதில் அது கம்பிச் சட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. சைக்கிள் எங்கே நிற்கிறதோ அங்கேதான் சார்ஜ். "அங்கதான் கண்ணு பிளக் பாயின்ட் இருக்குது, நான் என்ன பண்றது" என்று உன்னிடம் ஒவ்வொரு தடவையும் சொன்னேன் அல்லவா, அது பொய். போர்டிகோவில் ஒரு பாயின்ட் வைக்க எலக்ட்ரீசியனுக்கு அரைமணி நேர வேலை. நான்தான் வைக்கவில்லை.

ஏன் என்று சொல்வதற்கு உன் அப்பாவை உனக்கே மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. நீ பார்த்த அப்பா, பொள்ளாச்சி டிப்போவிலிருந்து வால்பாறை லைனில் பஸ் ஓட்டிய அப்பா. அந்த வளைவுகளில் அரசாங்க பஸ்ஸைத் தன் வீட்டு மாட்டு வண்டி போல ஏற்றி இறக்கிய மனுஷன். அவரிடம் போய் இனி வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது நீயும்தான் போனில் கேட்டுக்கொண்டிருந்தாய். சத்தி ரோடு சிக்னலில் மொபெட்டோடு நின்றுவிட்டார், பச்சை விழுந்தும் எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை, பின்னால் வந்த கார் லேசாக இடித்தது. நல்லவேளை, முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. மறதி நோய், இனிமேல் கூடுமே தவிரக் குறையாது என்று டாக்டர் சொன்னார். மொபெட்டை விற்றதும் அவர் ஒரு மாதம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சோறு இறங்கவில்லை. அந்தக் கண்ணராவியைப் பார்க்க முடியாமல்தான் நீ லீவில் வந்தபோது இந்தச் சைக்கிளை வாங்கிக் கொடுத்தாய். லைசென்ஸ் வேண்டாம், வேகம் இல்லை, மிதிக்கவும் வேண்டாம், பக்கத்துத் தெருவோடு சுற்றிவிட்டு வரட்டும் என்றாய். நல்ல எண்ணத்தில்தான் செய்தாய், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. தினமும் ஒரு சுற்றுப் போய்வந்த பிறகு முகம் தெளிந்திருக்கும், தட்டில் போட்டதைச் சாப்பிடுவார், என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். போகாத நாளில் நான் யாரோ.

உனக்கு ஆண்டு விழா நினைவிருக்கிறதா? ஆறாவதோ ஏழாவதோ படித்தாய். நாடகத்தில் ராஜா வேஷம். அப்பா மத்தியானம் வால்பாறையிலிருந்து இறங்கி நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். அன்றைக்குப் பார்த்து டீசல் லாரி மலை ஏறி வரவில்லை. இருக்கிற டீசலிலேயே இறங்கிவிடலாம், இறக்கம்தானே என்று கண்டக்டர் சொல்லியிருக்கிறார், பாசஞ்சரெல்லாம் கத்தியிருக்கிறார்கள். இவர் வண்டியை எடுக்கவே இல்லை. "மலையில நடுவழியில நின்னா முன்னாலயும் போக முடியாது, பின்னாலயும் போக முடியாது. பாதி டீசல் தீர்றதுக்குள்ள திரும்பிரோணும், இல்லாட்டி வண்டியவே எடுக்கக் கூடாது" என்று உட்கார்ந்துவிட்டார். அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது நீ கிரீடத்தோடேயே தூங்கியிருந்தாய். அதற்கப்புறம் எத்தனை நாள் அவரோடு பேசாமல் இருந்தாய். எனக்கும் அன்று கோபம்தான், டீசலைக் கட்டிக்கொண்டு அழுங்கள் என்று சொன்னேன். அந்தப் பிடிவாதம் ஒரு காலத்தில் எனக்கே இப்படிக் கைகொடுக்கும் என்று யார் கண்டார்கள்.

எப்படி என்று கேள். சைக்கிள் வந்த புதிதில் ஒழுங்காகத்தான் போய்வந்தார். அப்புறம் நேரம் காலம் இல்லாமல் கிளம்ப ஆரம்பித்தார். நான் குளிக்கப் போனால் ஆள் இல்லை, அடுப்படியிலிருந்து திரும்பினால் ஆள் இல்லை. கிரில் கேட்டைப் பூட்டிப் பார்த்தேன். கம்பியைப் பிடித்து உலுக்கி, "என்னைய எதுக்குடா அடைச்சு வெச்சிருக்கீங்க" என்று கத்தினார், தெருவே கூடிவிட்டது, கையெல்லாம் ரத்தம். பக்கத்து வீட்டு அம்மா, "ஏனுங்கக்கா, பெரிய மனுசர இப்படிப் பண்றீங்களே" என்று என்னைக் கேட்டார். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அன்றோடு பூட்டை விட்டுவிட்டேன். பிறகு ஒருநாள் எதேச்சையாகப் பார்த்தேன். சைக்கிளில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. கிளம்ப வந்தவர் ஒயரைப் பார்த்தார், சிவப்பு லைட்டைப் பார்த்தார், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "டீசல் புடிக்குது அம்மணி. புடிச்சு முடிக்கட்டும்" என்றார். எத்தனை நேரமானாலும் உட்கார்ந்திருந்தார். ஒரு முனகல் இல்லை. டீசல் பிடிக்கிறபோது வண்டியைத் தொடக் கூடாது என்பது அவர் ரத்தத்தில் இருக்கிறது. என் பெயர் போய்விட்டது, உன் பெயர் பாதி போய்விட்டது, அது மட்டும் போகவில்லை.

அதற்கப்புறம் என் பிழைப்பு இதுதான். வாசற்படியில் சைக்கிளைக் குறுக்கே நிறுத்துவேன், ரப்பர் மூடியைத் திறந்து ஒயரைச் செருகுவேன், சிவப்பு எரியும், அவர் உட்காருவார். நான் நிம்மதியாகக் குளிப்பேன், கடைக்குப் போய்க் கீரை வாங்கி வருவேன். ஆமாம், கடைக்காரர் தலைகீழாக நின்று போடாதே என்று சொன்ன இடத்தில், போட்டுவிட்டுப் போகாதே என்று சொல்லியும் போட்டுவிட்டுத்தான் போவேன். முழுசாக ஏறிப் பச்சை விழுவதற்கு வெகு முன்னாலேயே வந்து சுவிட்சை அணைத்துவிட்டு, "கரண்ட் போயிருச்சுங்க" என்பேன். "வரட்டும்" என்பார். கோயமுத்தூரில் கரண்ட் போகிறது என்றால் யாரும் நம்பாமல் இருக்க மாட்டார்கள். நிறையச் சார்ஜ் ஏறவும் விடமாட்டேன். கைப்பிடியில் சார்ஜ் காட்டுகிற சின்னக் கண்ணாடியில் நாலு கோட்டில் ரெண்டு கோட்டுக்கு மேல் வராமல் பார்த்துக்கொள்வேன். ரெண்டு கோட்டோடு காலையில் அனுப்பினால், ஒரு கோடு தீர்ந்ததும் டிரைவர் புத்தி திரும்பச் சொல்லும், டீக்கடை வரைக்கும் போய்விட்டு வந்துவிடுவார். மாட்டைக் கயிற்று நீளத்துக்கு மேய விடுவது மாதிரி என் புருஷனை நான் சார்ஜ் நீளத்துக்கு மேய விட்டேன். எழுதும்போது கேவலமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு நாளும் வந்தாரே, கண்ணு. நீ அனுப்பிய அந்தப் பொத்தான் மாதிரி சாமான், எங்கே போகிறார் என்று போனில் காட்டும் என்றாயே, அதைச் சீட்டுக்கு அடியில் ஒட்டிய மறுநாளே பிடுங்கிச் சாக்கடையில் போட்டுவிட்டார். வண்டி எடுக்குமுன் சுற்றிப் பார்த்துத் தட்டிப் பார்க்கிற மனுஷன். "எவனோ வண்டியில என்னத்தையோ ஒட்டி வெச்சிருக்கான்" என்று என்னிடமே புகார் சொன்னார்.

நீ திட்டிய அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் ஒரு காரியம் நடந்தது. உன்னிடம் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், பதறாதே, எல்லாம் முடிந்துவிட்டது. காலையில் இட்டிலி சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல ரெண்டு கோட்டோடு கிளம்பினார். வரவேண்டிய நேரத்துக்கு வரவில்லை. டீக்கடைக்குப் போய்ப் பார்த்தேன், கோயிலுக்குப் போனேன், மேம்பாலத்துக்குக் கீழே போய்ப் பார்த்தேன். வெயில் ஏறிக்கொண்டே போனது. உன்னைக் கூப்பிட எடுத்தேன், உனக்கு அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும், நீ அங்கிருந்து என்ன செய்வாய் என்று வைத்துவிட்டேன். அப்போது தெரியாத நம்பரிலிருந்து ஒரு போன். சைக்கிள் மட்கார்டில் என் நம்பரைப் பெயின்டில் எழுதி வைத்திருந்தது அன்றைக்கு உதவியது. "ஏனுங் அம்மணி, இங்க ஈச்சனாரி தாண்டி டீக்கடைங்க. ஒரு பெரியவரு சைக்கிளத் தள்ளிட்டு வந்தாருங்க. பொள்ளாச்சி டிப்போவுக்கு வழி கேக்கறாருங்க. வண்டியில சார்ஜ் இல்லீங்களாட்டம் இருக்குது. உக்கார வெச்சிருக்கனுங்க, நீங்க மெதுவா வாங்க" என்றார். ஊருக்கு வடக்கே இருக்கிற கணபதி எங்கே, தெற்கே பொள்ளாச்சி ரோட்டில் ஈச்சனாரி எங்கே. ஆட்டோ பிடித்துப் போனேன். வழியெல்லாம் அந்த ரோட்டில் பறக்கிற லாரிகளைப் பார்த்துக்கொண்டே போனேன்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒரு கால் செருப்பு இல்லை, குதிகால் கொப்புளம் உடைந்து மண் ஒட்டியிருந்தது. சார்ஜ் தீர்ந்த பிறகு அந்தச் சைக்கிள் எவ்வளவு கனம் என்று உனக்குத் தெரியும். மிதித்துப் பார்த்திருக்கிறார், முடியாமல் இறங்கித் தள்ளியிருக்கிறார், உச்சி வெயிலில், வயசான காலத்தில். பாதி தீர்ந்ததும் திரும்ப வேண்டும் என்பதை மறந்துவிட்டார், கண்ணு. உன் ஆண்டு விழாவுக்கே வராமல் பிடித்துக்கொண்டிருந்ததை அன்றைக்கு விட்டுவிட்டார். நான் பக்கத்தில் போய் நின்றதும் நிமிர்ந்து பார்த்தார். யாரோ வழியில் போகிற பொம்பளையிடம் பேசுகிற மரியாதையோடு, "பாருங்க, டீசல் போடாம வண்டிய அனுப்பிப்போட்டானுங்க. மலைக்குப் போற வண்டிங்க இது" என்றார். "எவன் அனுப்பிச்சான்னு மட்டும் தெரியட்டும். நடுவழியில நின்னா, போகவும் முடியாது, வரவும் முடியாது. இது ஒரு மனுசன் செய்யற வேலைங்களா?" என்று என்னையே கேட்டார். டீக்கடைக்காரர், "உடுங்க பெரியவரே, டீயக் குடிங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "தப்புத்தானுங்க" என்றேன். "நீங்க ஏனுங்க தப்புங்கறீங்க, நீங்க என்ன பண்ணுனீங்க?" என்றார். அந்த இடத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. சைக்கிளை ஒரு லோடு வண்டியில் ஏற்றி, அவரை ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிவந்தேன். வழியில் தூங்கிவிட்டார், தலை என் தோளில் இருந்தது.

இப்போது நீ கேட்பாய், இன்னுமா அந்தச் சைக்கிளை வைத்திருக்கிறீர்கள் என்று. வைத்திருக்கிறேன். மூன்று நாள் சைக்கிளைப் பக்கத்து வீட்டில் ஒளித்துப் பார்த்தேன். கால் கொப்புளத்தோடு நடந்தே கிளம்பிவிட்டார், சிவானந்தபுரம் பக்கம் போய்ப் பிடித்தேன். கயிறு என்று நான் நினைத்தது கயிறே இல்லை. ரெண்டு கோடு இருந்தாலும் போகிறார், நாலு கோடு இருந்தாலும் போகிறார், ஒன்றுமே இல்லாவிட்டாலும் போகிறார். போவதற்குச் சார்ஜ் தேவைப்படவில்லை, கண்ணு. வருவதற்குத்தான் தேவைப்பட்டது. அதை அவரிடமிருந்து பிடித்து வைத்துக்கொண்டது நான். நடந்து போனவரைப் பிடித்துவந்த மறுநாளே எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுப் போர்டிகோவில் பாயின்ட் வைத்துவிட்டேன். சைக்கிள் இப்போது வெளியே, காற்றாட நிற்கிறது. வாசல் காலியாக இருக்கிறது, தீப்பிடித்தால் ஓடலாம். நீ சொன்னது சரிதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீ ஒரு தீயைப் பார்த்தாய், நான் இன்னொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருதலைக் கொள்ளி எறும்பாக நான் நடுவில் ஓடியதை உன் போனில் காட்ட முடியாது.

உனக்குப் புத்தி சொல்கிற அளவுக்கு நான் ஒன்றும் சாதித்துவிடவில்லை. ஆனாலும் பெற்றவள், சொல்லாமல் விடமாட்டேன். தூரத்தில் இருக்கிறவர்களிடம் என்ன செய்யாதே என்று சொல்லுமுன், ஏன் செய்கிறாய் என்று ஒரு வார்த்தை கேள். உன் வீட்டுக்காரியிடமும் அப்படியே கேட்டுப் பழகு. உன் மகள் சைக்கிள் பழகுகிறாள் என்று சொன்னாய். அவள் விழுந்து எழுந்து வந்தால், ஏன் அவ்வளவு தூரம் போனாய் என்று முதலில் கேட்காதே, தண்ணீர் கொடு. பயத்தைக் கோபமாக மாற்றிப் பேசுவது நம் வீட்டு வழக்கம். உன் அப்பாவுக்கு இருந்தது, எனக்கு இருக்கிறது, உனக்கும் வந்துவிட்டது. எனக்கு இப்போது கோபம் ஒன்றும் மிச்சமில்லை. பயமாக இருக்கிறது, அவ்வளவுதான். முதியோர் ஹோமில் விடலாம் என்று நீ சுற்றி வளைத்துச் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. சரவணம்பட்டி பக்கம் ஒன்றைப் போய்ப் பார்த்துவிட்டும் வந்தேன். சுத்தமாகத்தான் இருக்கிறது, பெரிய பூட்டும் இருக்கிறது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அவர் கை எனக்கு நினைவுக்கு வந்தது, திரும்பிவிட்டேன். ஒருவேளை அங்கேதான் போக வேண்டியிருக்குமோ என்னவோ. எனக்குத் தெரியவில்லை. நீ ஒரு மாதம் வந்து கூட இருந்து பார் என்று எழுதக் கை வருகிறது. உன் வேலை, உன் பிள்ளை, உன் விசா, எல்லாம் எனக்குத் தெரியும். எழுதிவிட்டேன், முடிந்தால் யோசி.

இதை எழுதுகிற நேரமெல்லாம் சைக்கிள் போர்டிகோவில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது. நானும் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதுகிறேன், அது என் கண்ணுக்கு நேராக இருக்கிறது. அப்பா எதிரில் உட்கார்ந்திருக்கிறார், வெள்ளைச் சட்டை போட்டு, தலை சீவி. நடுவில் ஒருதரம், "கரண்ட் இருக்குதுங்களா?" என்று கேட்டார். இருக்குதுங்க என்றேன். முன்னே மாதிரி சுவிட்சை அணைக்க என் கை தானாகப் போகிறது. அணைக்காமல் அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

பச்சை விழுந்துவிட்டது. எழுந்துவிட்டார். டயரைக் காலால் தட்டிப் பார்க்கிறார், கண்ணாடியில் நாலு கோட்டையும் விரலால் தொட்டுப் பார்க்கிறார். "ஃபுல்லு" என்கிறார். நான் போய் ஒயரைக் கழற்றி ரப்பர் மூடியை அழுத்திவிட்டு, "திரும்பி வர்றதுக்கும் சேத்துப் போட்டிருக்குதுங்க. சீக்கிரமா வந்துருங்க" என்றேன். "வாரேன்" என்றார். கேட்டைத் திறந்துவிட்டேன், தெருமுனை திரும்புகிற வரைக்கும் நின்று பார்த்தேன், வந்து இதை முடிக்கிறேன்.

கடிதம் கைக்கு வந்ததும் அவசரப்பட்டுக் கூப்பிட்டுவிடாதே. அவர் வெளியே போயிருக்கிற நேரத்தில் இந்தப் போன் அடித்தால் எனக்கு உயிர் போய் உயிர் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை வழக்கமான நேரத்துக்கே கூப்பிடு. சைக்கிள் எங்கே நிற்கிறது என்று கேட்காதே கண்ணு. அப்பா வந்துவிட்டாரா என்று கேள்.

அம்மா